ஊசி போட்ட பின் ஒருசந்தியா?

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல். பாடுகளின் வரலாறு வாசித்து முடிந்து, திருச்சிலுவையை முத்திசெய்ய மக்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தனர். பெண்கள் பக்கத்தில் திடீரென ஒரு சலசலப்பு. எங்கள் பங்கைச் சேர்ந்த 63 வயதுத் தாய் ஒருவர் நிலைதடுமாறித் தரையில் அமர்ந்துவிட்டார். உடலெங்கும் வியர்வை, கைகளில் நடுக்கம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமற்ற விடை. "ஒருசந்திக் களைப்புதான், விசிறுங்கள்" என்றனர் சிலர். வேறு சிலர் சொன்னவற்றை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பல்லாண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவர் கூட்டத்தை விலக்கி வந்து, "அம்மா, காலையில் ஊசி போட்டீர்களா? ஏதாவது சாப்பிட்டீர்களா?" என இரண்டே கேள்விகள் கேட்டார். ஊசி போட்டாயிற்று, உணவு இல்லை. அந்த அம்மாவால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் பருகக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிவடைந்த அத்தாய் முதலில் சொன்னது, "சாமி, கோயிலுக்குள்ளேயே ஒருசந்தியை முறித்துவிட்டேனே!" என்பதுதான். சொல்லிவிட்டு அழுதார்.

அக்கண்ணீருக்குக் காரணம் நானே. தவக்காலத் தொடக்கத்தில் ஒருசந்தியின் கடமையை வற்புறுத்திப் பிரசங்கித்த நான், அக்கடமை எவருக்கில்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதில் அடியெடுத்து வைக்கும்வரை உள்ளவர்களையே ஒருசந்திக்குக் கட்டுப்படுத்துகிறது. நோயுற்றோரோ எவ்வயதினராயினும் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டு ஒருசந்தி பிடிக்கக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆக, அந்த அம்மாவுக்கு இரு வகையிலும் விலக்கு உண்டு. அதை அவருக்குச் சொல்ல வேண்டியவன் வாய் திறக்கவில்லை.

நடந்தது இன்னதென்று விளக்குவது அவசியம். நலமுள்ளவரின் கணையம், உண்ட உணவுக்கேற்ப இன்சுலினைச் சுரந்து, உணவு குறைந்தால் தானும் குறைத்துக்கொள்கிறது. ஊசியால் ஏற்றிய இன்சுலினுக்கு அந்த விவேகம் கிடையாது. காலையில் போடும் கலப்பு இன்சுலின் நண்பகல் உணவையும் கணக்கில் வைத்தே வேலை செய்கிறது. அந்த உணவு வராவிடில் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தாழ்த்திக்கொண்டே போகும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தாழ்நிலை என்பர். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத பசி, பேச்சில் குழப்பம், காரணமில்லாத கோபம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே சர்க்கரை நீர்; 15 நிமிடம் பொறுத்தும் தெளியாவிடில் மீண்டும் அதே அளவு; தெளிந்த பின் உணவு. நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துக் கிடத்தி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் பட்டினியே இந்நோய்க்கு மருந்தாயிருந்தது என்பது வியப்பான செய்தி. இன்சுலின் வருமுன்னர், இளம் நோயாளிகளை அரைப்பட்டினி போட்டுத்தான் சில மாதங்களாவது உயிரோடு வைத்திருந்தார்கள். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பட்டினியிலிருந்து மீட்க வந்த மருந்தைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பட்டினி கிடந்தால் என்னாகும்?

பாஸ்கா வாரத்தில் அருட்சகோதரியுடன் அவ்வீட்டிற்குச் சென்றேன். அவர் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. "எப்படி ஊசி போடுகிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்றார். ஊசி போடுபவள் பள்ளியில் படிக்கும் பேத்தி. குழந்தை கவனமாகத்தான் செய்தாள். ஆனால் மருந்துக் குப்பியோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. கையிலிருந்த சிரிஞ்சோ 100 யூனிட் மருந்துக்குரிய ஆரஞ்சு மூடி போட்டது. முந்தின மாதம் கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அளவுக்கோடு சரியாயிருந்தும் உள்ளே சென்ற மருந்து பாதிக்கும் குறைவு. இது மறுபக்கமாக மாறியிருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தை 40 யூனிட்டுக்குரிய சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஏற்றியிருந்தால், இரண்டரை மடங்கு மருந்து போயிருக்கும்! குறைந்த அளவே சென்றிருந்தும் அன்று அவர் விழுந்தார் என்றால், முழு அளவும் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என நினைக்கவே அஞ்சினேன். இல்லத்தரசிகளே, குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அவ்விடம் கட்டிபோலத் தடித்திருந்தது. அங்கே போடும் மருந்து சீராக உடலில் சேராது. இடத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். திறக்காத குப்பிக்குக் குளிர்பெட்டி தேவை. ஆனால் பனிக்கட்டி அறையில் வைத்து உறைந்துபோன இன்சுலினை எறிந்துவிட வேண்டியதுதான். குளிர்பெட்டியில்லாத வீட்டார், நீர் ஊற்றிய மண்பானைக்குள் குப்பியை நனையாதபடி வைத்து நிழலில் பாதுகாக்கலாம். இவ்வளவையும் கற்பித்தபின் பேத்தியைப் பார்த்து, "இப்போது நீ எனக்குச் சொல்லிக் கொடு" என்றார் அருட்சகோதரி. நம் ஞானோபதேச ஆசிரியர்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

பிறகு கால்களைப் பார்த்தார். வலது குதிகாலில் வெடிப்பு, பெருவிரலின் அடியில் ஒரு புண். "வலிக்கவில்லையே" என்றார் அந்த அம்மா. ஆபத்து அதுவேதான்: நாட்பட்ட நீரிழிவால் நரம்பு மரத்து, முள் குத்தினாலும் தெரிவதில்லை. மகனுக்கு வேலை கிடைத்ததற்காக வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடப்பதாக நேர்ந்திருந்தார். நேர்ச்சையை மீறினால் மாதா கோபிப்பாரோ என்ற அச்சம். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து நியாயமான காரணத்திற்காக விலக்களிக்கவும், அதை வேறொன்றாக மாற்றவும் பங்குக்குருவுக்குத் திருச்சபைச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. அதைப் பலர் அறியார். பேருந்தில் சென்று வரவும், ஏழை நோயாளி ஒருவருக்கு ஒரு மாத ஊசிமருந்து வாங்கித் தரவும் அந்த நேர்ச்சையை அங்கேயே மாற்றிக் கொடுத்தேன்.

இன்னொரு தயக்கமும் பங்குகளில் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை எடுக்கும் பெண்கள் பலர், நன்மை வாங்கும் நாளில் அதை விட்டுவிடுகிறார்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசத்தைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. முதியோரும் நோயாளரும், அவர்களைப் பராமரிப்போருங்கூட, அந்த ஒரு மணிக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கி, காப்பிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

மூச்சிரைப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோர், நோன்புக்காகவோ 'உடம்பு சரியாகிவிட்டது' என்றோ அதைத் திடீரென நிறுத்தவே கூடாது. வெளியிலிருந்து வரும் மருந்தை நம்பி அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி, உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

நாங்கள் விடைபெறும்போது அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, செருப்பைக் கோயில் கேட்டருகே கழற்றி வைக்கிறோமே, நான் என்ன செய்வது?" சித்திரை வெயிலில் நம் கோயில் முற்றத்துக் கருங்கல் எப்படிக் கொதிக்கும் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. செருப்பு வைக்கும் பலகையை அந்த வாரமே கேட்டிலிருந்து எடுத்து, கோயில் வாசற்படியை ஒட்டிப் போட்டுவிட்டோம்.