காரம் தெரியாத கோழியும் கணக்குச் சொல்லும் இரத்தமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விளைகிற இரண்டு பண்டங்கள் மல்லியும் மிளகாயும். களத்தில் வத்தல் காயும்போது நெடி தாங்காமல் நாம் தும்முவோம். கிளியோ பச்சை மிளகாயைக் கொறித்துக்கொண்டே இருக்கும். கோழிக்கும் காரம் தெரியாது.

மிளகாயில் உள்ள கேப்சைசின், நம் நரம்பு நுனியில் சூட்டை அறியும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தில் ஒட்டி, சுடாமலே சுட்டதாகச் சேதி அனுப்புகிறது. கோழிக்கும் அந்தப் புரதம் உண்டு, சூடும் தெரியும். ஆனால் கேப்சைசின் அதை உசுப்புவதில்லை. அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 2002இல் இதன் காரணத்தை விளக்கியது. இப்புரதத்தைக் கண்டறிந்ததற்காக அவர் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைக்குக் காரம் தெரியாததில் செடிக்கும் லாபம்: விதையை மென்று நொறுக்கும் விலங்கு விலகிப் போகிறது, எச்சத்தில் விதையைப் பரப்பும் பறவை வருகிறது.

ஆகவே கறிக்கோழித் தீவனத்தில் வத்தல் தூள் கலந்தாலும் கோழி முகம் சுளிக்காது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் தருவதை இந்தியா 2019இல் தடை செய்தது. அந்த இடத்துக்குத்தான் மஞ்சள், பூண்டு, மிளகு, மல்லி என்று சோதிக்கிறார்கள். பலன் உண்டா என்பதை இரத்தத்தில் பார்க்கலாம்.

கோழி இரத்தம் வேறு ரகம். நம் சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. சுமார் 120 நாள் வாழும். கோழியின் சிவப்பணு நீள்வட்டம், உட்கரு உள்ளது, ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம். மனித இரத்தத்தை எண்ணும் இயந்திரம் இதை வெள்ளையணு என்று மயங்கிவிடும். அதனால் நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணுவதே வழக்கம்.

வெள்ளையணுக்களில் ஹெட்டரோஃபில், லிம்ஃபோசைட் இரண்டின் விகிதம் கோழி படும் அவதியைக் காட்டும். பொதுவாக 0.2 என்றால் அழுத்தம் குறைவு, 0.8 என்றால் அதிகம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. சித்திரை வெயிலில் வாய் பிளந்து மூச்சிரைக்கும். அப்போது கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் சுரந்து லிம்ஃபோசைட் குறையும், விகிதம் ஏறும். இத்தகைய அழுத்தத்தின்போது மசாலாப் பொருள்களில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அணுச்சவ்வின் கொழுப்பு சிதையாமல் காக்கக்கூடும்.

சோதனை முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. மண்ணும் மழையும் மாறினால் மல்லியின் எண்ணெய்ச் சத்தும் மாறும். நல்ல காற்றோட்டத்தில் நலமாக இருக்கும் கோழியிடம் மசாலாவுக்கு வேலையும் குறைவு. அணுக்களின் எண்ணிக்கை கூடினாலே நல்ல இரத்தம் என்றும் சொல்ல முடியாது: தண்ணீர் போதாத கோழியின் இரத்தம் சுண்டி, சிவப்பணு அதிகம்போலத் தெரியும்.

எனவே சோதிக்க விரும்பும் பண்ணைக்காரர் அதே கொட்டகையில், அதே வயதுக் கோழிகளில் ஒரு பகுதிக்கு மசாலா தராமல் விடவேண்டும். ஒரே மத்தியானம் இரு பக்கமும் இரத்தம் எடுத்து ஒப்பிட்டால்தான், மாறியது மசாலாவாலா பருவத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.