மொறிஸ் மைனர் வாங்கப் போகிறீர்களா?

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், உற்பத்தி நின்று ஐம்பது வருடங்கள் தாண்டியும் நமது வீதிகளில் ஓடுகிறது. விற்பவர் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டுவார். எஞ்சின் பெரிய பிரச்சினையல்ல; அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது முன்சில்லுகளை.

முன்சில்லைத் தாங்கும் கிங்பின்னின் அடியில் புரி வெட்டியிருக்கும். அது 'ட்ரனியன்' என்ற துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரிதான் சுழல்கிறது. கிறீஸ் போகாவிட்டால் புரி தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சில்லு மடிந்து கார் வீதியில் குந்திவிடும். வேகமாகப் போகையில் நடந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே காரை ஜாக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்; அல்லது விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிப்பது நல்லது. அப்போதும் சில்லு நிலத்தில் படாமல் உயர்ந்திருக்க வேண்டும். பாரம் இருந்தால் கிறீஸ் சரியாக உள்ளே போகாது. பழைய கிறீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். அவசரத்தில் இதையெல்லாம் செய்யமாட்டார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். இடது, வலது பக்கப் புரிகள் எதிரெதிரானவை. பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கும்போது எந்தப் பக்கம் என்று சொல்லிக் கேளுங்கள்.