நோயாளி சொன்னதும் கோப்பில் எழுதப்பட்டதும்

நீரிழிவைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மனச்சிதைவு நோயை உறுதிசெய்ய அப்படியொரு பரிசோதனை இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வது, உறவினர் சொல்வது, வைத்தியர் நேரில் அவதானிப்பது ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கப்படுகிறது. சொல்லப்படும் கதை பிழைத்தால் சிகிச்சையும் பிழைத்துவிடலாம்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இந்தப் பலவீனத்தை உலகறியச் செய்தது. அவர் உட்பட மனநோய் இல்லாத எட்டுப் பேர், தமக்குக் குரல்கள் கேட்பதாகப் பொய் சொல்லி 12 வைத்தியசாலைகளில் அனுமதி பெற்றதாக அவர் எழுதினார். பெயர், தொழில் போன்ற விபரங்களைத் தவிர, தமது வாழ்க்கைக் கதையை அவர்கள் உள்ளபடியே சொன்னார்களாம். இருந்தும் சராசரியாக 19 நாட்கள் உள்ளே வைக்கப்பட்டார்கள். உளமருத்துவம் தலைகுனிந்தது.

ஆனால், ஊடகவியலாளர் சுசானா கஹலன் 2019இல் வெளியிட்ட நூல் இக்கதையின் மறுபக்கத்தைக் காட்டியது. அவரது மூளை அழற்சி நோயும் முதலில் மனநோய் என்றே கருதப்பட்டிருந்தது. ரோசன்ஹானின் வைத்தியசாலைக் கோப்பை அவர் தேடிப் பெற்றார். பல மாதங்களாகக் குரல்கள் கேட்பதாகவும், அவற்றைத் தடுக்கச் செம்பால் காதுகளை மூடிப் பார்த்ததாகவும், தற்கொலை எண்ணம் வந்ததாகவும் ரோசன்ஹான் சொன்னதாக அதில் பதிவாகியிருந்தது. இப்படிச் சொல்லும் ஒருவரை எந்த வைத்தியர் திருப்பி அனுப்புவார்? வைத்தியர்களைக் குற்றஞ்சாட்டியவரின் கதையே முழுமையானதல்ல.

இதனால் நோயாளிகளைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஆகாது. சொல்பவர் சிலவற்றை மறைக்கலாம், மறக்கலாம். எழுதுபவரும் தான் எதிர்பார்க்கும் நோய்க்கு ஏற்பக் கேட்டதைச் சுருக்கிவிடலாம். ஆகவே நோயாளியின் சொற்களை அப்படியே குறித்துக்கொள்வதும், அவரது சம்மதத்துடன் வீட்டாரிடம் தனியே விசாரிப்பதும், அடுத்தடுத்த சந்திப்புகளில் மீண்டும் கேட்பதும் அவசியம்.

மொழி மாறும் இடத்தில் இது இன்னும் முக்கியம். "ஒரே யோசினையா இருக்கு" என்று நம்மூர் அம்மா ஒருவர் சொன்னால், அது வெறும் சிந்தனையல்ல. உறக்கத்தைக் கெடுக்கும் கவலை. தமிழ் தெரியாத வைத்தியருக்கு அதை "யோசிக்கிறாராம்" என்று மட்டும் மொழிபெயர்த்தால், அவரது துயரம் கோப்பில் ஏறாமலே போய்விடும்.