பழசு ஞாபகமிருந்தால் போதுமா?

எழுபத்தைந்து வயது அப்பா, 1971 தேர்தலில் தம் தொகுதியில் யார் ஜெயித்தார் என்று பிசகாமல் சொல்வார். காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டால் விழிப்பார். "பழசெல்லாம் ஞாபகம் வச்சிருக்காரே, மறதி நோயெல்லாம் ஒண்ணுமில்லே" என்று பிள்ளைகளே தீர்ப்பெழுதிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு இந்தத் தவறுதான்.

புதியவற்றைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியைத்தான் அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. பல காலமாக ஊறிப்போன பழைய நினைவு கடைசியில்தான் கரையும். சாவியை வைத்த இடம் எல்லோருக்கும்தான் மறக்கிறது. கவனிக்காமல் வைத்ததால் அது பதியவே இல்லை. கேட்ட கேள்வியையே அரைமணிக்குள் நாலு தடவை கேட்பதும், பழகிய தெருவில் வழிதவறுவதும் அப்படியல்ல.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மறதி எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்ய முடியும். "வயசானா அப்படித்தான்" என்று மருத்துவரே அனுப்பப் பார்த்தால், பி12, தைராய்டு பரிசோதனைக்கு எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது பத்திரம். பதிவு அலுவலகத்தில் பெயர், தகப்பனார் பெயர் கேட்பார்கள். இரண்டும் பழைய நினைவு. டாண் டாண் என்று சொல்லிவிடுவார். ரேகையும் விழுந்துவிடும். எதை எழுதிக்கொடுத்தோம் என்பது வீடு வருவதற்குள் மறந்திருக்கும். புரியாமல் செய்த ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைவது நீங்கள்தான். பதிவு செய்தவர் அல்ல.

"பவர் வாங்கிட்டோம், கவலையில்லை" என்பவர்கள் கவனிக்க வேண்டும். கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், அதே சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி பவர் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக வாங்கினீர்களோ, அந்த நாளில் அது உதவாது. பிறகு பாதுகாவலர் நியமனம் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போகவேண்டிவரும். ஆகவே தெளிவோடு இருக்கும்போதே உயில் எழுதட்டும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவுசெய்வதே நல்லது. மனத்தெளிவுக்கான மருத்துவச் சான்றை அதே தேதியில் வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

பிள்ளைகளுக்குச் செட்டில்மென்ட் எழுதினால், "உணவும் பராமரிப்பும் தரவேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கவேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். எழுத்தர் "தேவையில்லை" என்பார்; விடாதீர்கள். நிபந்தனை மீறப்பட்டால், அறுபது வயதைக் கடந்தவர் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். மனுவோடு பத்திர நகலை இணைத்து, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.