தரவுப் பொருத்தமும் பொதுச்செலவின மோசடியும்

வெவ்வேறு நோக்கங்களுக்காகத் திரட்டப்பட்ட பதிவேடுகளை ஒப்பிட்டு முரண்களைக் கண்டறிவது தரவுப் பொருத்தம் எனப்படும். பிரித்தானியாவில் 1996 முதல் நடைபெற்றுவரும் தேசிய மோசடித் தடுப்பு முயற்சி இதற்கு முதன்மைச் சான்றாகும். அங்கு ஓய்வூதியப் பட்டியல் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. தனியாக வாழ்வதாகக் கூறி உள்ளாட்சிக் குடியிருப்பு வரியில் 25 விழுக்காடு தள்ளுபடி பெறுவோரின் முகவரியில் வேறொருவர் வாக்காளராக இருப்பின் ஐயம் எழுகிறது. ஆனால் அப்பெயர் வீட்டைவிட்டுச் சென்றுவிட்ட மகனுடையதாகவோ, இத்தள்ளுபடிக் கணக்கில் சேராத மாணவருடையதாகவோ இருக்கலாம். ஆகவே, பொருத்தம் விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று.

ஆஸ்திரேலிய அரசு இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தது. 2016இல் முழுவீச்சில் நடைமுறைக்கு வந்த, 'ரோபோடெட்' எனப் பின்னர் அறியப்பட்ட திட்டத்தில், வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானம் பலருக்கு 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பகிரப்பட்டு, அவர்கள் உதவித்தொகைக்காக அறிவித்த வருமானத்தோடு ஒப்பிடப்பட்டது. ஆறு மாதம் மட்டுமே பணியாற்றியவர் வேலையற்றிருந்த மாதங்களிலும் ஊதியம் பெற்றதாக இக்கணக்கு காட்டிற்று. பதிவேடுகள் சரியாக இருந்தும் சராசரி பொய்த்தது. கடனில்லை என மெய்ப்பிக்கும் சுமையோ, பல்லாண்டுகளுக்கு முந்தைய ஊதியச் சீட்டுகளைத் தேடவேண்டிய குடிமக்கள்மீதே விழுந்தது. அவ்வாறு சராசரியை மட்டும் கொண்டு விதிக்கப்பட்ட கடன் சட்டப்படி செல்லாதென 2019இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது.