தெருவோடு ஒரு சரித்திரப் பயணம்

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்துவிட்டால் எங்கள் அம்பத்தூர் பக்கத்துப் பெண்களைக் கையில் பிடிக்க முடியாது. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப் பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று சன்னதிகளையும் தரிசித்துவிட்டு, ராத்திரி வந்து வீட்டில் தோசையும் வார்த்துப் போட்டுவிடுவோம். யார் யார் வருகிறார்கள், யார் புளியோதரை, யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் வாசல் தெளிக்கிற நேரத்திலேயே பேசி முடிந்துவிடும். இத்தனை சாமர்த்தியம் உள்ள நாம், "சரித்திர இடம் ஏதாவது பார்க்கப் போகலாமா?" என்று யாராவது கேட்டால் மட்டும், "அதெல்லாம் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போவாங்க" என்று நகர்ந்துவிடுகிறோம்.

திருமுல்லைவாயிலையே எடுத்துக்கொள்ளுங்களேன். மாசிலாமணீஸ்வரர் சன்னதி முன்னால் இரண்டு எருக்கந் தூண்கள் நிற்கின்றன. எருக்கஞ்செடி தூணாகிற அளவுக்குப் பருக்குமா என்று நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? எல்லாக் கோயிலிலும் சுவாமியைப் பார்க்கிற நந்தி, இங்கே வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்டதாகக் கதை. சுந்தரர் வந்து பதிகம் பாடிய தலம் வேறு. பத்து நிமிஷத்தில் ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான்!

எங்கள் தெருப் பெண்கள் நான்கு வருஷமாக வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை இப்படிக் கிளம்புகிறோம். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் பயணத்தைப் பெரியதாக வைத்துக்கொள்ளாதீர்கள். அரை நாள் போதும். நாங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1851-ல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைக் கவனிக்க வேண்டும். லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷன் மாறினால் எழும்பூர். செலவு ஒன்றும் பிரமாதமில்லை. அங்கே வெண்கலச் சிலைப் பகுதியில் ஒரு நடராஜர் இருக்கிறார். எந்த ஊர் என்கிறீர்கள்? நம் திருவாலங்காடு! ஆவடி, திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் போகிற அதே லைனில் உள்ள ஊர்தான். ரோடின் என்ற பிரெஞ்சுச் சிற்பி, நேரில் பார்க்காமல் புகைப்படத்தில் பார்த்தே இந்த மாதிரி நடராஜர் சிலைகளைப் பற்றி உருகி எழுதினாராம். சிறிய பயணத்தில் இன்னொரு லாபமும் உண்டு. யார் நேரத்துக்கு வருவார், யாருக்கு வாந்தி வரும், யார் கூட்டத்தில் காணாமல் போவார் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்கிற விஷயம். கேட்டால் சுலபமாகத் தோன்றும். எங்கள் வீட்டில் அத்தைக்கு எழுபது தாண்டியாகிவிட்டது, இரண்டு முழங்காலும் வலி. எங்கே கிளம்பினாலும், "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பார். எல்லார் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார், கவனித்துப் பாருங்கள். கைக்குழந்தைக்காரியும் அதையேதான் சொல்வாள். நடக்கத் தெம்புள்ளவர்களை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் போகிற இடமெல்லாம் பார்த்துவிடலாம், வாஸ்தவம். ஆனால் வாழ்நாள் பூராவும் வீட்டைப் பார்த்துக்கொண்டவரே மறுபடி வீட்டைப் பார்த்துக்கொள்வார். அதனால் எங்கள் கூட்டத்தில், ரொம்ப மெதுவாக நடப்பவர் யாரோ அவருக்கு முடிகிற இடங்களைத்தான் அன்றைய கணக்கில் சேர்க்கிறோம். நான்கு இடம் இரண்டாகக் குறையும், குறையட்டுமே! கையில் ஒரு மடக்கு ஸ்டூல் இருந்தால் போதும், பெரியவர்கள் எந்த மண்டபத்திலும் உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் வெளிப்படையாகப் பேச வேண்டியது. பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்தால் ஒருத்தி இரண்டு பேருக்காவது அந்த மூன்று நாட்கள் வந்தே தீரும். கோயில் என்றால் சிலர் கடைசி நிமிஷத்தில் நின்றுவிடுகிறார்கள். தேதியைத் தள்ள மாத்திரை போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு; டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது. எங்கள் தெருவில் ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்க்கிற குடும்பங்கள், எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் என்று எல்லா மதத்தவரும் இருக்கிறோம். ஆகவே பூஜை நடக்காத சரித்திர இடம் ஒன்றை வருஷத்தில் ஒரு தடவையாவது வைத்துக்கொண்டால், யாருக்கும் தயக்கமில்லாமல் எல்லோரும் வரலாம். அதற்கு மாமல்லபுரத்தை மிஞ்சி எதுவுமில்லை.

மாமல்லபுரச் சின்னங்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பதினைந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. அர்ச்சுனன் தபசில் பூனை ஒன்று தவம் செய்ய, அதைச் சுற்றி எலிகள் இருக்கும். பிள்ளைகளை முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தமே இருக்காது. நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்தது பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபம். கன்றை நக்கிக் கொடுக்கிற பசு, அதன் மடியில் பால் கறக்கிற ஆள், தலைச்சுமையோடு ஒரு பெண். ராஜா ராணி யாரும் இல்லை, வீட்டு வேலை நடக்கிறது! நேரமிருந்தால் போகிற வழியில் சாளுவன்குப்பத்தையும் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே தோண்டியபோதுதான் மண்ணுக்குள் கிடந்த பழைய செங்கல் முருகன் கோயில் வெளியே வந்தது.

வண்டி விஷயத்தில் கறாராக இருங்கள். மஞ்சள் நம்பர் போர்டு உள்ள வண்டிதான் வேண்டும். தெரிந்தவர் வண்டி, சல்லிசு என்று வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஏறினால், ஏதாவது ஆபத்து என்றால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். ஒரு தடவை பதினேழு சீட் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு சீட் வண்டியோடு விடியற்காலையில் வந்து நின்றார் ஒருவர். "குழந்தைங்கதானே, மடியில வச்சுக்கங்க" என்றார். திருப்பி அனுப்பிவிட்டோம். வாடகை பேசும்போதே டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்தா தனியா, எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு நாங்கள் மாதம் 200 ரூபாய் என்று சீட்டு மாதிரி போட்டு வருகிறோம். ஒருத்தர் கையில் பணம், இன்னொருத்தர் கையில் நோட்டு. போய் வந்த ஒரு வாரத்துக்குள் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். மொத்தமாக ஆயிரத்தைக் கொடு என்றால் வீட்டில் கேட்கத் தயங்குகிறவர்கள், மாதா மாதம் என்றால் காய்கறிச் செலவில் மிச்சம் பிடித்தே கட்டிவிடுகிறார்கள்.

இனி, போன வருஷம் போன காஞ்சிபுரம் - உத்திரமேரூர் பயணத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தவர்களுக்கு இது ரொம்ப சௌகரியம். பூந்தமல்லி வந்து பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிக் காஞ்சிபுரம், உத்தேசமாக எழுபது கிலோமீட்டர். விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். காரணம், கோயில்கள் உச்சி வேளைக்கு நடை சாத்திவிடுவார்கள். பத்து மணிக்குச் சாவகாசமாகப் போய் இறங்கினால் ஒன்றைத்தான் பார்க்க முடியும். மாதமும் முக்கியம். மார்கழி, தை, மாசி உத்தமம். சித்திரையில் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், சரித்திரமே வெறுத்துப்போகும்.

முதலில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. கூட்டம் இருக்காது, புல்வெளி உண்டு, பிள்ளைகள் ஓடலாம். உள்ளே நுழையுமுன் வாசலில் வரிசையாக நிற்கிற சின்னச் சின்னக் கோயில்களைக் கவனியுங்கள். அதில் ஒன்று ராஜாவின் மனைவி ரங்கபதாகை கட்டியது. கல்வெட்டிலேயே அவள் பெயர் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயர். இதைச் சொன்னதும் எங்கள் கூட்டம் முழுவதும் அந்தச் சின்னக் கோயில் முன்னால்தான் போட்டோ எடுத்துக்கொண்டது!

உள்ளே சுற்றுச் சுவர் நெடுகிலும் மாடம் மாடமாகச் சன்னதிகள். சிலவற்றில் பல்லவர் கால வர்ண ஓவியம் திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணற்கல் சிற்பங்கள், கை பட்டாலே உதிர்கிற தன்மை. பிள்ளைகளிடம் இறங்குமுன்பே "கண்ணால பாக்கறது, கையால தொடறதில்ல" என்று சொல்லிவிடுங்கள். கருவறையைச் சுற்றி வர ஒரு குறுகிய துவாரத்தில் தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளியே வர வேண்டும். மறுபிறவி இல்லை என்று நம்பிக்கை. மூட்டு வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இதற்கு ஆசைப்பட வேண்டாம். நம்மில் சிலருக்கு அந்தத் துவாரம் போதவும் போதாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அங்கிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில். நின்ற, இருந்த, கிடந்த கோலமாக மூன்று அடுக்கில் பெருமாள். சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வம்சக் கதையே படக்கதை மாதிரி செதுக்கியிருக்கிறது. வாரிசில்லாமல் போன நாட்டுக்குப் பன்னிரண்டு வயதுப் பையனைத் தேடி அழைத்து வந்து பட்டம் கட்டுகிறார்கள். அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். ஏழாவது படிக்கிற எதிர்வீட்டுப் பையன், "என் வயசா!" என்று வாயைப் பிளந்தான்.

பட்டுக் கடை? அங்கேதான் பாதிப் பயணங்கள் முடிந்துபோகின்றன. ஒரு புடவை பார்க்க இறங்கினால் மூன்று மணி நேரம் போய்விடும். எங்கள் ஏற்பாட்டில் அன்றைக்குக் கடை கிடையாது என்று முன்கூட்டியே முடிவு. அதற்குப் பதில் தெரிந்தவர் மூலமாக ஒரு நெசவாளர் வீட்டில் கேட்டுவிட்டுப் போய்த் தறியைப் பார்த்தோம். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் பின்னிச் சேர்கிற கோர்வைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு புடவை விலையைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை.

சாப்பாடு வீட்டிலிருந்துதான். புளியோதரை சாயங்காலம் வரை தாங்கும். தயிர் சாதத்துக்கு நிறையப் பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் விட்டுப் பிசைந்தால் மத்தியானத்துக்குப் புளிக்காது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், மிளகாய்ப் பொடி போதும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போகலாம். பெரியவர்களின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அவரவர் கைப்பையில் வையுங்கள், வண்டி டிக்கியில் அல்ல. பெண்கள் வழியில் பாத்ரூம் இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்களே, அது பெரிய தப்பு. சிறுநீரை அடக்கி அடக்கித்தான் நீர்க்கடுப்பும் தொற்றும் வருகிறது. இரண்டு மணிக்கு ஒரு முறை பெட்ரோல் பங்கிலோ நல்ல ஓட்டலிலோ நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லுங்கள். வெட்கப்பட்டால் காரியம் ஆகாது.

சாயங்காலம் உத்திரமேரூர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே, பார்த்தால் சாதாரணமான ஒரு கல் மண்டபம். அதன் சுவரில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921-ம் வருஷத்தவை. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிற்கிறவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். சொந்த மனையில் வீடும், வரி கட்டுகிற நிலமும், வேதப் படிப்பும் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவுக்காரர்களும் நிற்கவே கூடாது! எங்கள் நோட்டுக்காரம்மா இதைக் கேட்டதும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அந்தக் குடத்தில் பெண் பெயர் ஒன்றும் விழுந்திருக்காது என்பதையும் நாங்கள் பேசாமல் விடவில்லை.

அத்தைக்குப் பிறந்த வீடு உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நூறு தடவையாவது அந்தப் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பார். "இந்தச் சுவத்துலயா எழுதியிருக்கு? இங்கதான் மூட்டையை வச்சிட்டு பஸ்ஸுக்கு உக்காந்திருப்போம்" என்றார். பழைய எழுத்து, நமக்குப் படிக்க வராது. ஆனால் ப, ட மாதிரி சில எழுத்துகள் பிடிபடும். ஸ்டூலைச் சுவரோரம் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரலை நீட்டித் தேடிக்கொண்டிருந்தார். கிளம்பலாம் என்று டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

திரும்பும்போது ஜன்னல் சீட்டுக்குப் பிள்ளைகளுக்குள் வழக்கமான சண்டை. அத்தைதான் சீட்டெழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, கடைக்குட்டியை எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் ஜன்னல் சீட்டு குடவோலை முறையில்தான்.

வருகிற தை மாதம் பூண்டிக்குப் போவதாக ஏற்பாடு. 1944-ல் கட்டி முடித்த அந்த நீர்த்தேக்கத்திலிருந்து வருகிற தண்ணீரைத்தான் சென்னையில் நாம் குடிக்கிறோம். பக்கத்தில் கொசஸ்தலையாற்றை ஒட்டி அதிரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் அங்கே கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழையவை பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிட வேண்டும். வேனில் இன்னும் இரண்டு சீட் பாக்கி இருக்கிறது. புளியோதரை இந்தத் தடவை மாடி வீட்டு அக்கா முறை.