கானா நாட்டின் மருத்துவச் சந்தை

ஒரு பொருளுக்குத் தேவை இருப்பது வேறு. அதற்குச் சந்தை இருப்பது வேறு. தேவையோடு வாங்கும் ஆற்றலும் கூடியபோதே சந்தை உருவாகின்றது. உணவையும் உடையையும் பொறுத்தவரை வாங்குபவனே நுகர்பவன். விலையையும் அவனே கொடுக்கின்றான். மருத்துவத்திலோ நுகர்பவன் நோயாளி. பொருளைத் தெரிபவர் வைத்தியர். விலை கொடுப்பது பெரும்பாலும் அரசு அல்லது காப்புறுதி நிதி. ஆதலின், வளர்முக நாடொன்றில் மருந்தும் கருவியும் விற்க முனைவோர், அங்குள்ள நோய்கள் எவை என்பதோடு பணம் எவ்வழி வருகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். இதற்கு மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா தக்க சான்றாகும்.

பொற்கரை என வழங்கிய இந்நாடு 1957 மார்ச் 6ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அதன் சனத்தொகை ஏறத்தாழ 3 கோடியே 8 இலட்சம். தலைநகர் அக்ராவில் 1923இல் திறக்கப்பெற்ற கோர்லே பூ வைத்தியசாலை முதல் கிராமத்துச் சிறு சுகாதார நிலையங்கள்வரை அரசாங்க நிறுவனங்கள் பரந்துள்ளன. கிறித்தவ சபைகள் நடத்தும் வைத்தியசாலைகளும் பல. மலேரியா இன்னும் நீங்கவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகி வருகின்றன. எனவே தேவைக்குக் குறைவில்லை.

இனி, பணம் வரும் வழியை நோக்குவோம். முன்னர் நோயாளியே காசு கொடுத்து மருந்து பெறவேண்டியிருந்தது. அம்முறையைக் 'காசு தந்து எடுத்துச் செல்' என்னும் கருத்துடைய பெயரால் மக்கள் அழைத்தனர். வறியோர் வைத்தியசாலையை நாடவே அஞ்சினர். இந்நிலையை மாற்ற 2003இல் தேசிய சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. பொருள்கள், சேவைகள் மீதான நூற்றுக்கு 2.5 வீத வரி அதன் முதன்மையான வருவாயாயிற்று. ஆயின், 2017ஆம் ஆண்டுச் சட்டமொன்று இவ்வாறு ஒதுக்கப்படும் நிதிகளுக்கு வரம்பிட்டது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் அவ்வரம்பை நீக்க முடிவாயிற்று. காப்புறுதிப் பணம் தாமதித்தால் வைத்தியசாலை வணிகனுக்குக் கடன்படுகின்றது; வணிகன் மருந்தை நிறுத்துகின்றான்; நோயாளி வெளிக்கடையில் வாங்குமாறு பணிக்கப்படுகின்றான். பழைய முறை பின்வாயில் வழியே மீண்டும் நுழைகின்றது.

நாணயத்தின் நிலையும் கருதத்தக்கது. 2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அம்மாதம் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 54 வீதத்தைக் கடந்தது. டொலரில் வாங்கிச் செடியில் விற்ற இறக்குமதியாளர் பெரிதும் இடருற்றனர். மேலும், கானாவின் உணவு, மருந்து அதிகார சபை 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் மூன்றாம் முதிர்ச்சி நிலையை எய்தியது. அதன் பதிவின்றி மருந்து விற்றல் இயலாது. சில மருந்துகள் உள்நாட்டு உற்பத்தியாளர்க்கென ஒதுக்கப்பட்டுமுள்ளன.

அவ்வாறாயின் வாய்ப்பு எங்குள்ளது? பெரிய இயந்திரங்களிலே என்பர் பலர். 2011இல் வெளியான ஆய்வொன்று, வளங்குன்றிய 16 நாடுகளின் மருத்துவக் கருவிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 செயலற்றுக் கிடந்ததைக் காட்டிற்று. உதிரிப்பாகம், பயிற்சி, சீரான மின்சாரம் என்பன இல்லாவிடின் இயந்திரம் இரும்பே. 2012 முதல் 2015 வரை மின்தடை மிகுந்தபோது, 'அணை, ஏற்று' எனப் பொருள்படும் 'டும்சோர்' என்ற சொல் கானா மக்களின் நாவில் நிலைத்தது. அத்தகைய நாட்டில் தடுப்புமருந்தைக் குளிரிற் காக்கும் சூரிய சக்திப் பெட்டியும், மலேரியாவை விரைந்தறியும் சோதனைப் பொருளும், கையுறையும் ஊசியும், கருவிகளைப் பழுதுபார்க்கும் உடன்படிக்கையுமே இடையறாத வாணிபத்தைத் தருவன. விநியோகமும் அத்தகையதே. 2015 ஜனவரியில் தேமாவிலிருந்த மத்திய மருந்துக் களஞ்சியம் எரிந்தபோது பெருந்தொகை மருந்து அழிந்தது. ஒரே களஞ்சியத்தை நம்பியிருத்தலின் கேடு புலனாயிற்று. 2019 முதல் ஆளில்லா வானூர்திகள் குருதியையும் தடுப்புமருந்தையும் தொலைவிலுள்ள நிலையங்களுக்குக் கொண்டுசெல்கின்றன.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைசெய்வோனையும் ஒரு கூறாக வைத்தார். பொருளை விற்று அகலாது, அது பயன்படும் காலம் முழுவதும் உடனிற்கும் வணிகனும் அவ்விடத்திற்கு உரியவனாவான். கானாவில் அவனது ஆதாயமும் நோயாளியின் நலனும் ஒன்றுபடும் இடம் அதுவே.